ஒரு புள்ளியில் நழுவிய ஐரோப்பா: லீட்ஸ் யுனைடெட் கடனாளியான கதை

2001 மே 19, சனிக்கிழமை. இங்கிலாந்து பிரீமியர் லீகின் கடைசி நாள். தன் சொந்த மைதானமான எல்லண்ட் ரோட்டில் லீட்ஸ் யுனைடெட், லெஸ்டர் சிட்டியை 3-1 என்று வென்றது. ஆனால் அங்கே கூடியிருந்தவர்களின் காதெல்லாம் லண்டனில் நடந்த இன்னொரு ஆட்டத்தில் இருந்தது. சார்ல்டன் அணியோடு லிவர்பூல் ஆடிக்கொண்டிருந்தது. லிவர்பூல் டிரா செய்தாலே போதும், லீட்ஸுக்கு மூன்றாம் இடம் கிடைத்துவிடும். இடைவேளை வரை அங்கே கோல் இல்லை. இரண்டாம் பாதியில் லிவர்பூல் நான்கு கோல் அடித்தது. அதில் இரண்டு ராபி ஃபௌலருடையவை. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

கடைசிப் பட்டியலில் லிவர்பூல் 69 புள்ளி, லீட்ஸ் 68. அந்த ஆண்டு இங்கிலாந்திலிருந்து மூன்று அணிகளுக்குத்தான் ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில் இடம். அடுத்த சீசனிலிருந்து அது நான்கானது. அந்த விதி ஓராண்டு முன்னால் வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

வீரர்களை வாங்குவதையும் ஐரோப்பியத் தகுதியையும் பற்றி ரசிகர்கள் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் லீட்ஸை இழுப்பார். "பார்த்து, லீட்ஸ் மாதிரி ஆகிவிடப் போகிறது" என்பார். எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்ட்ரைக்கர் யார் என்ற பேச்சுக்குப் போய்விடுவார்கள். லீட்ஸில் என்ன நடந்தது, எந்த இடத்தில் பிசகியது என்று நிதானமாகப் பார்ப்பவர்கள் குறைவு. "அளவுக்கு மீறிச் செலவு செய்தார்கள்" என்ற ஒற்றை வரியில் முடிக்கக்கூடிய விஷயம் இல்லை இது. அவர்கள் செய்ததில் ஒரு பாதிக்கு நியாயம் இருந்தது. மற்ற பாதிக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு புள்ளி.

கனவு தொடங்கிய விதம்

லீட்ஸ் சின்ன கிளப் இல்லை. பிரீமியர் லீக் என்ற பெயர் வருவதற்கு முந்தைய கடைசி சீசனில், 1992இல், இங்கிலாந்தின் சாம்பியன் அவர்கள்தான். 1975இல், சாம்பியன்ஸ் லீகின் பழைய வடிவமான ஐரோப்பியக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போய் பாயர்ன் மியூனிக்கிடம் தோற்றார்கள். அவ்வளவு பெரிய நகரத்துக்கு ஒரே பெரிய கிளப். அந்த ஊர்க்காரர்களுக்கு ஐரோப்பா என்பது புது ஆசை இல்லை, விட்டுப்போன சொத்து.

1998 அக்டோபரில் ஜார்ஜ் கிரஹாம் டாட்டன்ஹாமுக்குப் போனதும் டேவிட் ஓ'லியரி மேனேஜரானார். கையில் அருமையான இளைஞர்கள் இருந்தார்கள். ஹாரி கியூவெல், ஜோனதன் வுட்கேட், ஆலன் ஸ்மித், கோல் கீப்பர் பால் ராபின்சன் எல்லோரும் கிளப்பின் இளையோர் அணியில் வளர்ந்தவர்கள். முதல் சீசனிலேயே நான்காம் இடம். அடுத்த சீசனில் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூஃபா கோப்பையில் அரையிறுதி. அந்த அரையிறுதிக்காக இஸ்தான்புல் போன இரண்டு லீட்ஸ் ரசிகர்கள் ஆட்டத்துக்கு முந்தைய இரவு குத்திக் கொல்லப்பட்டார்கள். ஐரோப்பிய ஆட்டத்தைப் பார்க்க ஆசையாகக் கிளம்பிப் போனவர்கள் திரும்பி வரவில்லை. இந்தக் கதையில் எவ்வளவு கோடியைப் பற்றிப் பேசினாலும் அதைவிடப் பெரிய இழப்பு அதுதான்.

அந்த 1999-2000 சீசனின் கடைசி நாளும் இதே மாதிரி திக்திக் என்றுதான் முடிந்தது. லீட்ஸ், வெஸ்ட் ஹாமோடு கோல் இல்லாமல் டிரா. அன்று லிவர்பூலைத் தோற்கடித்தது யார் தெரியுமா? பக்கத்து ஊர் பிராட்ஃபோர்ட் சிட்டி. கோல் அடித்தவர் டேவிட் வெதரால், முன்னாள் லீட்ஸ் தடுப்பாட்டக்காரர். அந்த ஒரு கோலால் பிராட்ஃபோர்ட் கீழ் லீகுக்குத் தரமிறங்குவதிலிருந்து தப்பியது, லீட்ஸ் சாம்பியன்ஸ் லீகுக்குப் போனது. லீட்ஸ் 69 புள்ளி, லிவர்பூல் 67. ஓராண்டு அதிர்ஷ்டம் இந்தப் பக்கம், அடுத்த ஆண்டு அந்தப் பக்கம். இந்த இரண்டு கடைசி நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும், மூன்றாம் இடம் என்பதை நிரந்தர வருமானமாக யாரும் எழுதி வைக்க முடியாது.

நியாயமான பாதி

2000 கோடையில் வாங்கினார்கள். செல்டிக்கிலிருந்து மார்க் விடூக்கா, சுமார் 60 லட்சம் பவுண்டு. லான்ஸிலிருந்து ஒலிவியே டாக்கூர், 72 லட்சம். லிவர்பூலிலிருந்து டொமினிக் மத்தேயோ. நவம்பரில் வெஸ்ட் ஹாமிலிருந்து ரியோ ஃபெர்டினான்ட், 1.8 கோடி பவுண்டு. அன்றைக்கு ஒரு தடுப்பாட்டக்காரருக்கு உலகத்திலேயே யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. டிசம்பரில் இன்டர் மிலானிலிருந்து ராபி கீன் லோனில், அதாவது தற்காலிக இரவலாக, வந்தார்.

இந்த அணி ஐரோப்பாவில் ஆடிய ஆட்டம் அபாரம். பார்சிலோனாவில் 4-0 என்று உதை வாங்கித் தொடங்கியவர்கள், கொட்டும் மழையில் ஏசி மிலானை லீ போயரின் கடைசி நேர கோலால் வென்றார்கள். பெஷிக்டாஷை 6-0 என்று நொறுக்கினார்கள். மிலான் நகரின் சான் சிரோவில் அதே ஏசி மிலானோடு, மத்தேயோ தலையால் முட்டிய கோலில் 1-1 டிரா செய்து, ஒரே பிரிவில் இருந்த பார்சிலோனாவை வெளியே தள்ளிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் ரசிகர்கள் மைதானத்தை விட்டுப் போகவில்லை. வீரர்கள் திரும்பி வந்து அவர்களோடு சேர்ந்து பாடினார்கள். பிறகு ரோமில் லாட்சியோவை வென்றார்கள், அண்டர்லெக்டை அதன் மண்ணிலேயே 4-1 என்று வென்றார்கள், காலிறுதியில் டெப்போர்டிவோ லா கொருன்யாவை எல்லண்ட் ரோட்டில் 3-0 என்று வீழ்த்தினார்கள்.

இதைப் பார்த்தவர் யாரும் "வாங்கியது வீண்" என்று சொல்ல மாட்டார். பின்னாளில் ஃபெர்டினான்ட் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனபோது கிடைத்தது சுமார் 3 கோடி பவுண்டு. லாபம்தான். நல்ல வீரரை நல்ல வயதில் வாங்கினால் அது முழு நஷ்டமாகாது. அதனால்தான் ஃபெர்டினான்ட் விலையைக் காட்டி லீட்ஸின் வீழ்ச்சியை விளக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டு புள்ளிகள், ஒரு வாரம்

ஐரோப்பாவில் பறந்த அணி லீகில் தடுமாறியது. கிறிஸ்துமஸ் சமயத்தில் பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடந்தார்கள். ஜனவரி கடைசியிலிருந்து எழுந்து வந்தார்கள், அதுவும் எப்படி! மே மாதம் வரை லீகில் தோல்வியே இல்லை. லிவர்பூலை அந்த சீசனில் இரண்டு முறையும் வென்றார்கள். எல்லண்ட் ரோட்டில் 4-3, நான்கு கோலும் விடூக்கா. லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் 2-1. நேருக்கு நேர் ஆறு புள்ளியும் எடுத்த அணி ஒரு புள்ளியில் பின்தங்கியது என்றால் வேறு எங்கோ சிந்தியிருக்கிறது என்றுதானே அர்த்தம்.

பழைய லீட்ஸ் ரசிகர்கள் மார்ச் 3ஆம் தேதியைச் சொல்வார்கள். மான்செஸ்டர் யுனைடெட் எல்லண்ட் ரோட்டுக்கு வந்திருந்தது. இயான் ஹார்ட் அடித்த பெனால்டியை ஃபாபியன் பார்த்தேஸ் தடுத்துவிட்டார். விடூக்கா சமன் செய்தார். முடியும் தறுவாயில் போயர் அனுப்பிய பந்து வெஸ் பிரவுன் மேல் பட்டு வலைக்குள் போனது. மைதானமே எழுந்து நின்றது. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிட்டார், ஆஃப்சைடு. ஆட்டம் 1-1. அந்த கோல் செல்லுபடியாகியிருந்தால் இன்னும் இரண்டு புள்ளி. 68 எழுபதாகியிருக்கும். லிவர்பூல் நான்காம் இடம்.

மே மாத முதல் வாரம் இன்னொரு காரணம். 2ஆம் தேதி சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டம், வலென்சியாவோடு 0-0. 5ஆம் தேதி ஆர்சனலோடு அவர்களுடைய ஹைபரி மைதானத்தில் லீக் ஆட்டம், 1-2 தோல்வி. 8ஆம் தேதி வலென்சியாவில் இரண்டாம் ஆட்டம், 0-3. ஆறு நாள் இடைவெளிக்குள் ஐரோப்பாவும் போனது, அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குப் போகும் வழியும் போனது. இந்த ஆண்டு ஐரோப்பாவில் நீண்ட தூரம் போவதற்கும் அடுத்த ஆண்டு தகுதி பெறுவதற்கும் நடுவே ஒரு இழுபறி உண்டு. ஒரே கால்கள்தான் இரண்டுக்கும் ஓட வேண்டும். இதை ரசிகர்கள் பொதுவாகக் கணக்கில் எடுப்பதே இல்லை.

நியாயமில்லாத பாதி

இப்போது 2001 கோடைக்கு வருவோம். என் பார்வையில் லீட்ஸின் விதி எழுதப்பட்டது இங்கேதான். நான்காம் இடம், யூஃபா கோப்பை. சாம்பியன்ஸ் லீக் பணம் வராது. அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு பெரிய வீரரை நல்ல விலைக்கு விற்றிருக்கலாம். குறைந்தபட்சம் புதிதாக யாரையும் வாங்காமல் ஒரு வருடம் பொறுத்திருக்கலாம். அணி இளம் அணி, காலம் இருந்தது.

சேர்மன் பீட்டர் ரிட்ஸ்டேல் தலைமையிலான நிர்வாகம் வேறு வழியில் போனது. ஒரு புள்ளிதானே, அது ஒரு விபத்து, அடுத்த வருடம் சரியாகிவிடும் என்று நம்பினார்கள். லோனில் இருந்த கீனை 1.2 கோடி கொடுத்து நிரந்தரமாக்கினார்கள். செப்டம்பரில் 6 கோடி பவுண்டு கடன் எடுத்தார்கள். அதற்கு ஈடு, இனி வரப்போகும் ஆண்டுகளின் டிக்கெட் வருமானம். 25 ஆண்டுக் கடன். அக்டோபரில் டெர்பியிலிருந்து செத் ஜான்சன், 70 லட்சம். நவம்பரில், ஆமாம், அதே ராபி ஃபௌலர். சார்ல்டனில் இரண்டு கோல் அடித்து லீட்ஸின் வழியை அடைத்தவரை ஆறே மாதத்தில் 1.1 கோடி கொடுத்து வாங்கினார்கள். அப்போது விடூக்கா, கீன், ஸ்மித், காயத்தில் இருந்த மைக்கேல் பிரிட்ஜஸ் என்று ஸ்ட்ரைக்கர்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தார்கள்.

விளையும் முன்பே விளைச்சலைக் காட்டிக் கடன் வாங்குவது நம் ஊர் விவசாயிகளுக்குத் தெரிந்த வேதனை. மழை பொய்த்தால் வட்டி மட்டும் பொய்க்காது. அவர்கள் வேறு வழியில்லாமல் வாங்குகிறார்கள். லீட்ஸுக்கு வேறு வழி இருந்தது. ஒரு மழை பொய்த்த பிறகு, அதைவிடப் பெரிய நிலத்தை உழுதார்கள்.

கடன் அந்த ஒன்றோடு நிற்கவில்லை. பல வீரர்களின் விலையைக் கிளப் நேரடியாகக் கட்டவில்லை. ஒரு நிதி நிறுவனம் கட்டிவிடும். கிளப் அதை ஒப்பந்தக் காலம் முழுக்கத் தவணையாகத் திருப்பிக் கட்டும். வண்டியைத் தவணையில் எடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை நடுவில் விற்றால் முதலில் நிலுவையைத் தீர்க்க வேண்டும், மிச்சம்தான் நம் கைக்கு. செய்தியில் "70 லட்சத்துக்கு விற்றார்கள்" என்று வந்தால் 70 லட்சமும் கிளப்புக்கு வந்தது என்று ரசிகர் நினைப்பார். அது உண்மையில்லை. விலைக்கு மேலே சம்பளம் இருக்கிறது. வீரரின் விலை ஒருமுறைதான் தலைப்புச் செய்தியாகிறது. சம்பளம் வாராவாரம் போகிறது, அவர் ஆடினாலும் ஆடாவிட்டாலும்.

2002 புத்தாண்டு தினத்தில் வெஸ்ட் ஹாமை 3-0 என்று வென்று லீட்ஸ் பட்டியலின் உச்சிக்குப் போனது. நிர்வாகத்தின் நம்பிக்கை பலித்துவிட்டது போலத் தெரிந்த நாள் அது. அடுத்த லீக் வெற்றிக்கு மார்ச் மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் எஃப்ஏ கோப்பையில் கார்டிஃப் சிட்டியிடம் தோல்வி, சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 0-4. சீசன் முடிவில் ஐந்தாம் இடம், 66 புள்ளி. இப்போது நான்கு இடங்கள் இருந்தன. நான்காவது நியூகாசில், 71 புள்ளியோடு. ஒரு புள்ளி வித்தியாசம் ஐந்தாகியிருந்தது. அதை இனி விபத்து என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் நடந்தது

விற்பனைதான். ஓ'லியரி 2002 ஜூனில் நீக்கப்பட்டார், டெர்ரி வெனபிள்ஸ் வந்தார். ஃபெர்டினான்ட் ஜூலையில் போனார். கீன் 70 லட்சத்துக்கு டாட்டன்ஹாமுக்கு. 2003 ஜனவரியில் ஃபௌலர் மான்செஸ்டர் சிட்டிக்கு. அவர் அங்கே ஆடும்போதும் சம்பளத்தில் ஒரு பங்கை லீட்ஸ் கட்டியது. அதே மாதம் வுட்கேட் 90 லட்சத்துக்கு நியூகாசிலுக்கு. ரசிகர்கள் கொதித்தது அந்த விற்பனைக்குத்தான். வுட்கேட்டை வாங்கவில்லை, வளர்த்தார்கள். கடனில் வாங்கிய வீரர்களுக்கான விலையை வீட்டில் வளர்ந்த பிள்ளையை விற்றுக் கட்ட வேண்டி வந்தது.

2003 மார்ச் 31 அன்று ரிட்ஸ்டேல் விலகினார். அவ்வளவு செலவு செய்திருக்கக் கூடாதுதான், ஆனாலும் கனவை வாழ்ந்தோம் என்ற பொருளில் அவர் சொன்னது இன்றும் அவர் பெயரோடு ஒட்டியிருக்கிறது. அவருக்குப் பின் வந்த சேர்மன், அலுவலகத்தில் தங்கமீன் தொட்டிக்கு மாதம் 20 பவுண்டு வாடகை போனதைச் சொன்னார். ஊரெல்லாம் அதையே பேசியது. மீன் தொட்டி எல்லோருக்கும் புரிகிறது, 25 ஆண்டுக் கடன் புரிவதில்லை. லீட்ஸை மூழ்கடித்தது கடன்தான், அந்தத் தொட்டி இல்லை.

2003 ஜூன் வரையிலான கணக்கில் 4.95 கோடி பவுண்டு நஷ்டம். அதுவரை எந்த இங்கிலாந்து கிளப்பும் அவ்வளவு நஷ்டம் காட்டியதில்லை. கடன் 10 கோடியைத் தாண்டியது. கியூவெல் 50 லட்சத்துக்கு லிவர்பூலுக்குப் போனார். 2004 மே மாதம், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடி சரியாக மூன்று ஆண்டில், லீட்ஸ் பிரீமியர் லீகிலிருந்து தரமிறங்கியது. சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் ஆலன் ஸ்மித்தைத் தோளில் தூக்கிச் சென்றார்கள். அவர் லீட்ஸ்காரர், அந்த ஊர்ப் பிள்ளை. அந்த மாதம் முடிவதற்குள் அவரையும் விற்றார்கள், அதுவும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, 70 லட்சத்துக்கு. அந்த இரண்டு ஊருக்கும் உள்ள பகை தெரிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போது வலிக்கும்.

பயிற்சி மைதானம் தார்ப் ஆர்ச், பிறகு எல்லண்ட் ரோடு இரண்டையும் 2004லேயே விற்று, சொந்த வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். 2007இல் கிளப் திவால் நடைமுறைக்குள் போனது. பத்துப் புள்ளி பறிக்கப்பட்டு மூன்றாம் நிலை லீகுக்கு இறங்கியது. அடுத்த சீசனை மைனஸ் 15 புள்ளியில் தொடங்கியது.

ரசிகர்கள் பங்கு

ரசிகர்கள் மேல் பழி போடுவது எனக்குப் பிடிக்காது. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது அவர்கள் இல்லை. ஆனால் ஃபௌலர் வந்த அன்று எல்லண்ட் ரோட்டில் மகிழ்ச்சி இருந்தது என்பதும் உண்மை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் மகிழ்ந்திருப்பேன். நாம் வீரரைப் பார்க்கிறோம், அவர் வந்தால் அணி எப்படி நிற்கும் என்று மனதுக்குள் வரைந்து பார்க்கிறோம். பணம் யாருடையது என்ற கேள்வி அந்தப் படத்தில் வருவதில்லை.

நம் கிளப் யாரையாவது வாங்கும்போது நான் இப்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்டுப் பார்க்கிறேன்: இந்த சீசனில் தகுதி கிடைக்காவிட்டால், இதே வீரரை அடுத்த வருடமும் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் எவ்வளவு விலையானாலும் பயமில்லை. முடியாது என்றால் அவரை வாங்கியதாகவே அர்த்தமில்லை. 2000இல் வாங்கியவர்களில் பெரும்பாலோரை யூஃபா கோப்பைப் பணத்தில் தாங்கியிருக்கலாம், ஒருவரை விற்றாவது. 2001இல் வாங்கியவர்களைத் தாங்க சாம்பியன்ஸ் லீக் கட்டாயம் தேவைப்பட்டது.

இன்று விதிகள் இருக்கின்றன. மூன்று ஆண்டில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்று பிரீமியர் லீக் 2013இல் வரம்பு வைத்தது. ஆனால் கடைசி நாள் மாறவில்லை. 2025 மே 25 அன்று ஆஸ்டன் வில்லா ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு ஆடியது. மார்கன் ராஜர்ஸ் பந்தைத் தட்டி வலைக்குள் அனுப்பினார். நடுவர் ஃபௌல் என்று சொல்லிவிட்டார், கோல் செல்லவில்லை. பந்து உள்ளே போகும் முன்பே விசில் ஊதிவிட்டதால் வீடியோ உதவியும் கிடைக்கவில்லை. வில்லா 0-2 என்று தோற்றது. நியூகாசிலும் வில்லாவும் ஆளுக்கு 66 புள்ளி. அந்த ஆண்டு இங்கிலாந்துக்கு ஐந்து இடங்கள். கோல் வித்தியாசத்தில் நியூகாசில் ஐந்தாம் இடம், சாம்பியன்ஸ் லீக். வில்லாவுக்கு யூஃபா கோப்பையின் இன்றைய வடிவமான யூரோப்பா லீக். இருபத்துநான்கு ஆண்டுக்கு முன் வெஸ் பிரவுன் மேல் பட்டுப் போன பந்து எனக்கு அன்று நினைவுக்கு வந்தது.

லீட்ஸ் 2017இல் எல்லண்ட் ரோட்டைத் திரும்ப வாங்கியது. 2020 ஜூலையில், 16 ஆண்டு கழித்து, மார்செலோ பியெல்சாவின் அணி பிரீமியர் லீகுக்குத் திரும்பியது. கொரோனா காலம், மைதானத்துக்குள் யாரையும் விடவில்லை. பூட்டியிருந்த எல்லண்ட் ரோட்டின் வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் வந்து நின்றார்கள். சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் எதுவும் 2001க்குப் பிறகு அங்கே நடக்கவில்லை. சான் சிரோவில் மத்தேயோ அடித்த கோலை மட்டும் அந்த ஊர் ரசிகர்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.